கார்புரேட்டரின் அடியில் மூன்று புள்ளிகள்

நீ பொய் சொன்னாய். சமயநல்லூர்க்காரர்கள் அந்தக் காரைத் தாங்களாகக் கொடுக்கவில்லை. நீ கேட்டாய். கேட்டதோடு நிற்காமல் என்ன இன்ஜின் இருக்க வேண்டும், என்ன ஹாரன் இருக்க வேண்டும், என்ன நிறம் அடிக்க வேண்டும் என்று இரண்டு தாளில் எழுதித் தரகரிடம் கொடுத்தனுப்பினாய். பிறகு எனக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் எழுதி, "பெண் வீட்டார் பிரியப்பட்டுத் தருகிறார்கள், நீ போய் ஒரிஜினல்தானா என்று பார்த்துச் சொல்" என்றாய். திருடப்போகும் வீட்டின் பூட்டு நல்ல பூட்டா என்று பார்த்துச் சொல்லப் பெற்ற தாயை அனுப்பியவன் நீ.

இதையெல்லாம் உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. டிரங்க் கால் போட்டேன். மெட்ராஸில் உன் லாட்ஜ் மேனேஜர் நீ அறையில் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. இருபத்தாறு வருஷமாகக் கேட்டுவரும் இருமல் எனக்குத் தெரியாதா? அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை உங்கள் வங்கி நூலகத்துக்கு வருகிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உன் பெயரை எழுதவில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. அவளிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்க அத்தை, எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றாள்.

படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரிய வேண்டும். செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தின் முனையில், பழைய கார்ச் சாமான்கள் விற்கும் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். உன் அப்பா வண்டி வேலை பார்ப்பார். சாமானை வாங்குவதும் விற்பதும் மதிப்புச் சொல்வதும் நான். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் ஜமீன்களும் மில் முதலாளிகளும் வாங்கி ஓட்டி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட அமெரிக்கக் கார்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. படகு மாதிரி நீளம், உள்ளே உட்கார்ந்தால் கல்யாண வீட்டுப் பந்தி போல இடம். அவற்றில் ஒன்று விலைக்கு வந்தால் ஆண்கள் பளபளப்பைப் பார்ப்பார்கள். நான் முந்தானை முனையில் முடிந்துவைத்திருக்கும் காந்தத்தை எடுப்பேன். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் கப்பென்று ஒட்டும். துருவை மறைக்கப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்த இடத்தில் வழுக்கி விழும். மீட்டர் கொஞ்ச தூரம்தான் ஓடியதாகக் காட்டும், ஆனால் பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். எத்தனை பொய் சொன்னாலும் மனிதன் மிதித்த இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

எனக்கு இந்த வித்தை பிறக்கும்போதே வந்ததில்லை என்று உனக்குத் தெரியும். ஆனையூர் ஊர்வலம் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. உன் அப்பா என்னிடம் கேட்காமல் ஒரு திறந்த கார் வாங்கிவந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் அள்ளிக்கொட்டும் என்றார். நானும் அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்து மயங்கி வாயை மூடிக்கொண்டேன். அது திறந்த காராகப் பிறந்ததல்ல. மூடிய காரின் கூரையை எவனோ ரம்பத்தால் அறுத்துவிட்டு மேலே கித்தான் போட்டிருந்தான். கூரைதான் அந்த வண்டியின் முதுகெலும்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனையூரில் மாப்பிள்ளை ஏறினார், தோழன் ஏறினான், தாய்மாமன் ஏறினார். மாமன் நல்ல கனம். வண்டி நடுவில் தொய்ந்தது. பெண் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவுகள் திறக்கவே இல்லை. மேளக்காரர் ஊதிக்கொண்டே இருக்கிறார், ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துபோகிறது. "என்ன மாப்ள, உள்ளயே குடும்பம் நடத்துறதா உத்தேசமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கதவின் மேல் ஏறிக் குதித்தார். வேட்டி கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. நீ சிரித்துச் சிரித்துத் தெருவில் உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு எந்தத் திறந்த வண்டி வந்தாலும் நான் முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்ப்பேன். அறுத்த வண்டி என்றால் கதவு சட்டத்தில் சிக்கிக் கடிக்கும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். உன் வண்டி என்று எழுதவே கை கூசுகிறது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு மனிதர் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் துண்டு, கையில் ஒரு பழைய கார்புரேட்டர். அது விரிசல் விட்டிருந்தது. டாட்ஜ் வண்டிக்கு இதே மாதிரி ஒரிஜினல் வேண்டும் என்றார். கூடவே டைனமோ, பெட்ரோல் பம்ப், மேனிஃபோல்டு. எனக்கு உடனே சுறுசுறுப்பு வந்துவிட்டது. பெட்ரோல் விலை ஏறிய வருஷத்திலிருந்து இந்த ஊரில் எல்லோரும் இந்தப் பெட்ரோல் இன்ஜின்களைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பப் பெட்ரோலுக்குப் போகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"ஏண்ணே, ஓடுற டீசலை எறக்கிட்டா இத வைக்கிறீக?" என்றேன்.

"ஆமாம்மா. பன்னெண்டு வருசமா மாட்டுக் கொட்டத்துல கெடந்த இன்ஜின இப்பத்தான் தூசி தட்டுறேன். மாப்பிள்ளை மெட்ராஸ்ல வேலை. வண்டி ஒரிஜினலா இருந்தாத்தான் பொண்ணு பாக்கவே வருவாராம். எம்மகளுக்குத் தாலி கட்டப் போறாரா, காருக்குக் கட்டப் போறாரான்னே தெரியல. நல்லா இருப்பானா அவன்?"

நான் சிரித்தேன். மகனே, நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, ரசனைக்காரப் பயலா இருக்கான்ணே" என்றேன். அவர் அவசரத்தைப் பார்த்து விலையையும் ஏற்றினேன். அவருக்கு வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ், வேலை, மாப்பிள்ளை என்று இத்தனையும் காதில் விழுந்தும் எனக்கு உன் ஞாபகம் வரவில்லை. ஊரில் உள்ள எல்லா அயோக்கியனையும் வேறொருத்திதான் பெற்றிருப்பாள் என்று நம்புகிறவள்தான் தாய். விற்ற சாமான் ஒவ்வொன்றின் அடியிலும் வழக்கப்படி சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை ஆணியால் மூன்று புள்ளி அடித்துக் கொடுத்தேன். வாங்கிப்போனவன் வேறு ஓட்டைச் சாமானைக் கொண்டுவந்து "இது உங்க கடையில வாங்குனது" என்று சண்டை போடக்கூடாது என்பதற்காக நான் கண்டுபிடித்த அடையாளம் அது.

போன மாதம் உன் கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முழு டாட்ஜ்! பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் உன் அப்பாவை விரட்டி ஒன்பது மணிக்கே சமயநல்லூரில் இறங்கிவிட்டேன். சம்பந்தம் பேசப் போகிறோம் என்பதே எனக்கு இரண்டாம்பட்சம். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, முந்தானையில் காந்தம். வேப்பமரத்தடியில் அது நின்றது. அடர்ந்த பச்சை. ஒரு பெண் ஈரத் தலையோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரில் அதைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறிக் கையில் இருந்த துணியை வாளிக்குள் போட்டாள்.

"வாங்க வாங்க. அப்பா பலகாரம் வாங்கக் கடைக்குப் போயிருக்காக. இம்புட்டு வெள்ளன வருவீகன்னு தெரியாது."

"நீ பாட்டுக்குக் கழுவும்மா. நான் வண்டியத்தான் பாக்க வந்தேன்" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் கவனித்தேன், ஆனால் நிறுத்தவில்லை. காந்தத்தை மட்கார்டில் வைத்தேன். கப்! கதவின் கீழ் விளிம்பில், வழக்கமாகத் துரு தின்னும் இடத்தில் வைத்தேன். கப்! சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கும் பட்டி இல்லை. கண்ணாடிகளின் மூலையில் பழைய முத்திரை அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கனமாக ஒரு சத்தம், இந்தக் காலத்து வண்டிகளின் டப்பாச் சத்தம் இல்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன்.

"அடியே, இது சம்பந்தி வீடு. காலை வெளிய நீட்டிக்கிட்டுப் படுத்திருக்க" என்றார் உன் அப்பா.

"சேலை போயிருமே அத்தை" என்றாள் அந்தப் பெண்.

"சேலைய வெளுத்துக்கலாம். இப்படி ஒரு சேஸ் அமையுமா?" என்று அடிச்சட்டத்தைத் தட்டியபடி அடியிலிருந்து கத்தினேன். டீசல் இன்ஜின் உட்கார்வதற்கு வைத்திருந்த இரும்பை அறுத்து எடுத்துவிட்டு, பழைய தாங்கிகளைத் திரும்ப வைத்திருந்தார்கள். வெல்டிங் புதுசு, ஆனால் சுத்தம். வெளியே வந்து பானெட்டைத் தூக்கினேன். இந்த வண்டிகளில் டைனமோவுக்கு மேலே இன்ஜினில் ஒரு சின்ன மேடை இருக்கும். இன்ஜின் எண்ணை அதில்தான் வெட்டியிருப்பார்கள். ஏமாற்றுக்காரன் அதை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் வெட்டுவான். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பள்ளம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அந்தப் பெண் ஓடிப்போய் எடுத்துவந்தாள். டீசலுக்கு மாற்றியபோது அதிகாரி பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். அடித்த கோட்டுக்குக் கீழே எண் தெளிவாகத் தெரிந்தது. நான் படிக்க, அவள் இன்ஜினைப் பார்த்துச் சொல்ல, கடைசி எண்வரை ஒன்றாக இருந்தது. பிறந்த உடம்பில் பிறந்த இதயம்! நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளும் என்னை மறந்து, தன்னை மறந்து, சிரித்தாள். இருபது வருஷத்தில் நான் பார்த்த வண்டிகளில் இதுதான் முதல் தரம். இதை எழுதும்போதுகூட எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன்.

பிறகு பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கார்புரேட்டருக்கு அடியில் நீட்டினேன். சும்மா, பழக்கம். கண்ணாடியில் மூன்று புள்ளி தெரிந்தது. டைனமோவைப் பார்த்தேன். மூன்று புள்ளி. பெட்ரோல் பம்ப். மூன்று புள்ளி.

"ஏம்மா, டீசலை எதுக்கு மாத்துனீக?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டதுதான அத்தை" என்றாள்.

"நாங்களா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். உன் கையெழுத்து. நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காப்பிநோட்டு வாங்கிக்கொடுத்து, அழகாக எழுதப் பழக்கிய கையெழுத்து. கடைசி வரி: "வண்டியில் டீசல் வாடை சிறிதும் இருக்கக்கூடாது." அந்த வாடையில்தானடா அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கல்யாணச் சவாரி, பிரசவச் சவாரி, கோயில் சவாரி என்று பன்னிரண்டு வருஷம் அந்த டீசல் இன்ஜின் ஓடித்தான் அவள் கல்லூரியில் படித்தாள். இப்போது பெட்ரோல் போட்டு அந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது. டீசல் இன்ஜினை விற்ற பணம் என் கல்லாவுக்கு வந்திருக்கிறது, கார்புரேட்டருக்கும் டைனமோவுக்கும் விலையாக. இத்தனையும் எதற்கு? தரகர் அவர்களிடம் சொன்னபடி, உன் வங்கி மேலாளர் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கார் ஓட்டுகிறாராம். அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த உனக்கு ஒன்று வேண்டுமாம்.

அந்த நேரத்தில் அவள் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். பட்டுச்சேலையில் கிரீசோடு நின்றேன்.

"அட, செல்லூர் கடைக்காரம்மா! என்னம்மா இம்புட்டு தூரம்? கார்புரேட்டர்ல எதுவும் கோளாறா?"

"இவதாங்க மாப்பிள்ளையோட அம்மா" என்றார் உன் அப்பா.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட அவர் மறந்துவிட்டார். அது சாய்ந்து, அல்வாப் பொட்டலம் மண்ணில் விழுந்தது. "மாப்பிள்ளையோட அம்மா வீட்டோட இருக்காகன்னுதான தரகர் சொன்னாரு" என்றார். அப்போதுதான் இன்னொரு பொய்யும் வெளியே வந்தது. அம்மா இரும்புக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல உனக்கு வெட்கம். அந்த வெட்கம் மட்டும் இல்லையென்றால், அந்த மனிதர் என் கடைப்படி ஏறியிருக்கவே மாட்டார், அல்லது ஏறியதுமே உன் குட்டு உடைந்திருக்கும். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பி, "அன்னைக்கு ஆத்திரத்துல மாப்பிள்ளைய ஒரு வார்த்தை சொல்லிட்டேன்ம்மா, மனசுல வச்சுக்கிறாதீக" என்றார். பிடுங்கப்பட்டவன் மன்னிப்புக் கேட்கிறான்! இந்த நாட்டில் பெண்ணைப் பெற்றவனுக்குத் திட்டக்கூட உரிமை இல்லை. "நீங்க சொன்னது பத்தாதுண்ணே" என்றேன்.

அந்தப் பெண்தான் பேச்சை நேராக்கினாள். "போட்டோவப் பாத்துட்டு நான் உயரம் கம்மின்னு சொன்னாராம் அத்தை. அதுக்கு ஈடாத்தான் வண்டியாம். எதுக்கு, அது மேல ஏறி நிக்கச் சொல்வாரா?" உன் அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வித்தை என்னுடையது.

உனக்குப் பத்துப் பதினொரு வயதில் ஏலங்களுக்கு உன்னைக் கூட்டிப்போவேன். "நல்ல சாமானப் பாத்தா மூஞ்சில காட்டாத. ஒரு குறையைச் சொல்லு. விக்கிறவன் அடங்குவான்" என்று காதில் சொல்வேன். நீ கெட்டிக்காரன். மினுமினுக்கும் பம்பரைப் பார்த்து, "அம்மா, இது வளைஞ்சிருக்குல்ல?" என்று சத்தமாகக் கேட்பாய். விற்பவர் முகம் வாடும். நான் அன்று உனக்கு ஜிகர்தண்டா வாங்கித்தருவேன். இரும்பிடம் செய்யலாம், மனுஷியிடம் செய்யக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இதைத் தனியாகச் சொன்னால்தான் உனக்குத் தெரியுமா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம், கேட்கட்டும். ஆனால் என் பங்குக் குற்றத்தை நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்: விலை ஏற்றி விற்றேன், அந்த முகம் தெரியாத மாப்பிள்ளையைப் புகழ்ந்தேன், மகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து மரியாதை சொல்லிக்கொடுக்காமல் விட்டேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்த டீசல் இன்ஜின் யாரிடம் போனது என்று தேடினேன். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி கிணற்றில் தண்ணீர் இறைக்க வாங்கியிருந்தார். போனேன். வயலில் அது ஓடும் சத்தம் சாலையிலேயே கேட்டது, அருமையான சத்தம். "நல்லா ஓடுறதக் கழட்டச் சொல்றியே தாயி, உனக்குப் பைத்தியமா?" என்றார். கிணற்றுக்கு அதைவிடப் பொருத்தமான ஒரு இன்ஜினை என் கடையிலிருந்து கொண்டுபோய், அவர் கண் முன்னால் ஓட்டிக்காட்டி, வரப்பு நனைந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். இப்போது அந்த டீசல் இன்ஜின் செல்லூர் கடையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. உன் அப்பா பல்லாங்குழி விளையாடும் குழந்தை மாதிரி அதன் நட்டுகளைக் கழற்றி வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் அவள் அப்பாவோடு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் மூன்று பேருக்கும் ஊர்த் திருவிழா வந்தது போல இருக்கிறது. அந்தப் பெட்ரோல் இன்ஜினைத் திரும்ப மாட்டுக் கொட்டத்தில் வைக்க என் மனசு வலிக்கத்தான் செய்கிறது. அத்தனை அழகு அது. இருந்தாலும் சவாரி ஓடாத அழகை அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

உன்னைப் பற்றி அவளிடம் கேட்டேன். கல்யாணம் வேண்டாம் என்றால் இங்கேயே சொல்லிவிடு, நானே தரகரிடம் பேசுகிறேன் என்றேன். அவள் அந்த டீசல் இன்ஜின் மேல் கையை வைத்தாள். "அவரே வந்து வண்டியில இருக்கிறத எறக்கி, இந்த டீசலைத் தூக்கி வைக்கட்டும். கையில கிரீசோட ஒரு நாள் பாக்குறேன். அதுக்கப்புறம் சரியா வேண்டாமான்னு நான் சொல்றேன். போட்டோவ வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றாள். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். உயரம் கம்மியாம், உயரம்!

அதனால் இதைக் கேள். அந்த இரண்டு தாளுக்குப் பதிலாக ஒரே ஒரு தாள் எழுது: "காரைக் கேட்டது நான்தான். எனக்கு அது வேண்டாம். என் அம்மா செல்லூரில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறாள்." மூன்றே வரி. கீழே கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு, நீ இதைப் படித்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்கு வா. வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வருவாள். சங்கிலிக் கப்பி கட்டியாகிவிட்டது. சங்கிலியின் ஒரு பக்கம் உன் அப்பா பிடிப்பார். இன்ஜின் ஆடாமல் இறங்க நான் பிடித்துக்கொள்வேன். இன்னொரு பக்கம் இழுக்க ஒரு ஆள் குறைகிறது.

வருகிறாயா? சொல்.